ஒன்றரைக் கட்டைப் பாதை

அற்புதராஜுக்குப் பதுளையைச் சுற்றித் தெரியாத வளைவு கிடையாது. பசறை, லுணுகலை, வெலிமடை, அந்தப் பக்கம் கொஸ்லந்த வரைக்கும் எந்தத் தோட்டத்துப் பாதையில் எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த லயத்து நாய் சக்கரத்தைக் கடிக்க வரும், எந்தக் காவல்காரன் கேற்றைத் திறக்க அரை மணித்தியாலம் எடுப்பான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தூரத்தை மட்டும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார். நாடு கிலோமீற்றருக்கு மாறி எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவருக்கு ஒரு மைல் ஒரு கட்டைதான். அவர் ஓட்டும் வானின் மீற்றர் கிலோமீற்றரில் ஓடும், அவர் வாய் மைலில் பேசும்.

பிறந்தது லுணுகலைப் பக்கம், வட்டக்கல் தோட்டத்தில். பதினைந்து வயதில் தோட்ட லொறியில் கிளீனராக ஏறி, இருபத்தாறில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த றோசாலியைக் கட்டினார். ஒரே மகள், கேஷானி. தொண்ணூற்றாறாம் ஆண்டு மண்சரிவில் றோசாலி செத்துப்போனாள். அதன் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்கு வந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். கிடைத்த வண்டியெல்லாம் ஓட்டி, கடைசியில் ஒரு பார்சல் கம்பனியில் வான் சாரதியாகச் சேர்ந்தார். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். குடிப்பதில்லை. இவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

ஆனால் அவருக்குள்ளே ஒரு பொய் இருந்தது. நான்கே நான்கு சொல்தான். அது மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எட்டு வருடமாக அவர் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்த வரம்.

சரிவு வந்த நாளைச் சொன்னால்தான் இது விளங்கும். மூன்று நாள் அடைமழை. வட்டக்கல் தோட்டத்துப் பெக்டரி மலையின் உச்சியில். இவர்கள் குடியிருந்த கீழ் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, அதே மலையின் அடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய லொறிப் பாதை, ஒன்றரைக் கட்டை. சுற்றிப் போவதென்றால் பிரதான வீதிக்கு ஏறி இறங்கி ஏழு கட்டை. லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது என்று அன்று காலையிலேயே தகவல் போனது. "லொறி வரும், சாமானைக் கட்டி வச்சுக்கிட்டு அங்கயே இருங்க" என்று தோட்டத்து உதவி முகாமையாளர், சின்னத்துரை, சொல்லி அனுப்பினார். லொறியோ அப்போது பதுளைக்குத் தேயிலை கொண்டுபோயிருந்தது. அற்புதராஜ் அதை ஓட்டிக்கொண்டு திரும்பி வர மாலை நாலரை. வந்தவரை இறங்கவும் விடாமல் கீழ் லயத்துக்கு விரட்டினார்கள்.

பழைய பாதையின் கேற் வரைக்கும் போனார். கண் தெரியாத மூடுபனி. போன வாரம்தான் அதே பாதையில் பின்சக்கரத்தின் கீழ் பாதையோரம் உதிர்ந்து, லொறி ஒரு பக்கம் சாய்ந்து தப்பியது. கீழே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. பயந்துவிட்டார். இதை எப்படிப் பூசி மெழுகினாலும் பயம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. லொறியைத் திருப்பிப் பிரதான வீதியால் போனார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மண் இறங்கிப் பத்து நிமிடந்தான் ஆகிறது என்றார்கள். பதினாலு பேர் உள்ளே. அவர்களில் ஒருத்தி றோசாலி.

பழைய பாதையால் ஏன் வரவில்லை என்று சின்னத்துரை கேட்டபோது நாக்கு தானாகவே சொன்னது. "பழைய றோட்டுல மரம் விழுந்துருக்கு."

அன்றிரவே அந்தப் பாதைக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். போய்ப் பார்க்க ஆளில்லை. பிழைத்தவர்கள் அவர் கையைப் பிடித்து, "மரம் விழுந்தும் விடாம சுத்தி வந்தீங்களே அற்புதண்ணே" என்று அழுதார்கள். அந்த நன்றியை அவர் எப்படித் தாங்கினார் என்று எனக்குத் தெரியாது. பதினொரு வயதுக் கேஷானியை அன்றிரவு பெக்டரியில்தான் கண்டெடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மாஸ்டர் கொண்டுவந்து சேர்த்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெரிய வியாழனுக்கு முன்னாலும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சில்லறைப் பாவம் எல்லாவற்றையும் சொல்லுவார், இதை மட்டும் விழுங்கிவிட்டு வருவார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டில் கணிதம் வந்து அவர் கதவைத் தட்டியது.

பார்சல் கம்பனியின் பதுளைக் கிளைக்கு முகாமையாளர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர், பட்டப்படிப்பே கணிதம். கணக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. டீசல் விலை ஏற ஏற, வான்கள் எந்த ஒழுங்கில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைக் கொம்பியூட்டரை வைத்துத் தீர்மானிக்கச் சொல்லிக் கொழும்புத் தலைமையகம் ஒரு புரோகிராமை அனுப்பியது. மற்றக் கிளைகள் தலையில் அடித்துக்கொண்டன. ஜெயரட்ணத்துக்கோ பெருநாள்.

"இஞ்ச பாரும் அற்புதராஜ்," என்று ஒரு கடதாசியில் புள்ளிகளைக் குத்திக் காட்டினார். "வியாழக்கிழமை உமக்குப் பதினாலு இடம். இதை எத்தினை விதமா ஒழுங்குபடுத்தலாம் எண்டு நினைக்கிறீர்?"

"ஒரு இருவது, முப்பது விதமா போகலாங்க சேர்."

"எண்ணாயிரத்து எழுநூறு கோடி விதத்துக்கு மேல. நீர் உம்முடைய ஆயுசு முழுக்க ஓடினாலும் எல்லாத்தையும் பாத்து முடியாது. மெசினும் எல்லாத்தையும் பாக்கிறேல்லை. முதல்ல கிட்ட கிட்ட இருக்கிற இடமாப் பாத்து ஒரு வழியைக் கட்டும். பிறகு அந்த வழி தன்னைத்தானே எங்கையாவது குறுக்க வெட்டுதோ எண்டு பாக்கும். வெட்டினா அதில வீண் ஓட்டம் இருக்கு எண்டு அர்த்தம். அவிழ்த்து மாத்திக் கட்டும். இனி அவிழ்க்க ஒண்டும் இல்லை எண்டு வரேக்குள்ள நிப்பாட்டும்."

அற்புதராஜுக்கு அது பிடித்திருந்தது. தன்னையே குறுக்கே வெட்டாத வழி. நல்ல மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது அவருக்கு.

மெசினுக்குத் தீனி ஒரு தூர அட்டவணை. மொத்தம் நாற்பத்திரண்டு இடங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம் என்று எண்ணூற்று அறுபத்தொரு கட்டங்கள். பாதியை அற்புதராஜ் வானின் மீற்றரைப் பார்த்து அளந்தார். மீதியை மனதிலிருந்து சொன்னார். தாள்களில் அவரும் எழுதினார், கேஷானியும் எழுதினாள். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளி குறைந்து, அதே கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவள். பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். எழுதப் பழக்கியது அப்பாதான் என்பதால் இரண்டு பேருடைய எழுத்தும் ஒரே அச்சு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது தோட்டத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல். சரிவில் தப்பியவர்களுக்குத் தோட்ட நிர்வாகம், பழைய லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் புது லயம் கட்டிக் கொடுத்தது; பிரதான வீதியால் அதற்கும் அதே ஏழு கட்டைதான். ஆனால் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, சேமலாப நிதிப் புத்தகம் எல்லாவற்றிலும் பழைய விலாசம். அதை மாற்ற எத்தனை கந்தோர் ஏறி இறங்குவது, எத்தனை நாள் பேரை, அந்த நாட் சம்பளத்தை, இழப்பது? நிர்வாகமே வழி சொன்னது, புது லயத்துக்கும் பழைய பெயரையும் பழைய இலக்கங்களையும் வைத்துவிடலாம் என்று. ஆகவே உயிரோடிருக்கிற அத்தனை பேரும் காகிதத்தில் இன்னமும் மண்ணுக்கு அடியில்தான் குடியிருந்தார்கள். "இலக்கம் ஆறு, கீழ் லயம்" என்று வெளிநாட்டிலிருந்து பார்சல் வரும். பழைய ஆறாம் இலக்கம் அவரும் றோசாலியும் குடியிருந்த காம்பரா அறை. அந்த விலாசம் வரும்போதெல்லாம் அற்புதராஜ் பார்சலைக் கவிழ்த்து வைப்பார்.

தோட்டத்துக் கடிதம் பார்சலெல்லாம் தோட்டக் கந்தோருக்குப் போய், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். பார்சல் கம்பனிக்கு அது ஆகாது. வாசலுக்குப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்றது. அதனால் வியாழன்தோறும் அற்புதராஜ் புது லயத்துக்கும் போக வேண்டியிருந்தது.

முதல் வியாழக்கிழமைத் தாள் கையில் வந்தது. வரிசையில் ஏழாவது வட்டக்கல் பெக்டரி, எட்டாவது கீழ் லயம். நடுவில் தூரம்: 2.4.

ஒன்றரைக் கட்டையைக் கிலோமீற்றராக்கினால் வருவது அதுதான். பெக்டரி வாசலில் வானை நிறுத்தி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எப்போதும்போலப் பிரதான வீதியால் சுற்றிப் போனார்.

மாலையில் ஜெயரட்ணம் கூப்பிட்டார். "ஒம்பது கிலோமீற்றர் கூட ஓடியிருக்கிறீர். ஏன் மெசின் சொன்ன றோட்டால போகேல்லை?"

"அந்த றோட்டு மூடிக் கிடக்குதுங்க சேர். எட்டு வருசமாச்சு."

"அப்ப ஏன் இந்தத் தூரத்தை எழுதினனீர்?" என்று தாளை நீட்டினார். பெக்டரிக்கும் கீழ் லயத்துக்கும் சந்திக்கும் கட்டத்தில் 2.4. சுழித்த இரண்டு, மேல் திறந்த நாலு. அற்புதராஜின் எழுத்தேதான். ஆனால் எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. கிலோமீற்றரில் அவர் யோசித்ததே கிடையாது.

"தெரியாம எழுதியிருப்பேங்க" என்றார்.

"கேஷானி, அதைப் பதினொண்டு தசம் மூண்டாக்கும்" என்றார் ஜெயரட்ணம். அவள் தலையை நிமிர்த்தாமல் மாற்றினாள்.

அடுத்த வியாழன் மறுபடி ஏழாவது பெக்டரி, எட்டாவது கீழ் லயம். தூரம் 2.4. ஜெயரட்ணம் அட்டவணையைத் திறந்து பார்த்தார். அதில் 11.3 என்றுதான் இருந்தது. அச்சடித்த தாளில் மட்டும் 2.4.

அதற்கடுத்த வியாழன் கீழ் லயத்துக்குப் பார்சலே இல்லை. பதின்மூன்று இடங்களைத்தான் கொடுத்தார்கள். தாளில் பதினாலு வந்தது. எட்டாவது வரியில் "கீழ் லயம். பார்சல்: 0. தூரம்: 2.4." இறக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு, போக முடியாத பாதையால், போகச் சொன்னது மெசின்.

ஜெயரட்ணம் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடதாசியில் கையாலேயே கணக்கைப் போட்டுப் பார்த்தார், கீழ் லயம் எங்கும் வரவில்லை. அதே அட்டவணையைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஓட்டினால் பதின்மூன்று இடம்தான் வருகிறது, உங்கள் கிளையில் யாரோ விளையாடுகிறார்கள் என்று பதில் வந்தது. அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கையில்லை. "கணக்கு பொய் சொல்லாது. ஆரோ ஒரு மனிசன் சொல்லியிருக்க வேணும்" என்றார். பொதுவாகச் சொன்னதுதான். அற்புதராஜ் வானின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரங்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வானை எடுத்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் மெசின் தன்னை எங்கே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது என்பதே நினைப்பாக இருந்தது. பழைய பாதையின் கேற்றருகே ஒரு நாள் எஞ்சின் தானாக நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ண முயன்றுகொண்டிருந்தபோது பெக்டரிக் காவல்காரர் குடையோடு வந்தார்.

"அண்ணே, இந்தப் பக்கமா ஏதும் லொறி எறக்குறாங்களா?"

"இல்லியே. ஏன் கேக்குறீங்க?"

"ரெண்டு மூணு வாரமா வெயாழக்கெழமை நாலரை மணிக்கு ஒரு லொறி கேற்று வரைக்கும் வர்ற சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் உறுமிக்கிட்டு நிக்குது. அப்புறம் திரும்பிப் போயிருது. ஓடி வந்து பாத்தா ஒண்ணத்தையும் காணோம்."

அற்புதராஜ் மறுபடி சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸைப் போட்டார்.

கார்த்திகை மாதத்து இரண்டாம் வியாழனன்று ஜெயரட்ணம் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பாதையைச் சரிவு வரைக்கும் போன வருடம் விறகு ஏற்றுவதற்காகத் தோட்டம் துப்புரவாக்கியிருக்கிறது என்று விசாரித்து அறிந்திருந்தார். "அளந்தால் பிரச்சினை தீரும். றோட்டு எப்படி, எத்தினை கிலோமீற்றர், எத்தினை நிமிசம் எண்டு பாத்துக்கொண்டு வாரும். எங்க எங்க தடை வரும் எண்டதையும் குறிக்க வேணும். கேஷானியைக் கூட்டிக்கொண்டு போம், அவ எழுதட்டும்."

வானில் பிரேக் சரியில்லை என்றார் அற்புதராஜ். காலையில்தான் பார்த்தது என்றார் ஜெயரட்ணம். வயிறு சரியில்லை என்றார். பிளேன்ரீ குடிச்சிட்டுப் போம் என்றார் ஜெயரட்ணம். மகள் ஏற்கெனவே முன் சீற்றில் ஏறி, மடியில் அட்டையையும் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஏறினார்.

வழி நெடுகப் பார்சல்களை இறக்கிவிட்டுக் கேற்றுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. அவர் அப்படித் திட்டமிடவில்லை. தாளின் ஒழுங்கில் வந்தார், அவ்வளவுதான். மழை இல்லை, ஆனால் மூடுபனி தேயிலைக்கு மேலே இறங்கியிருந்தது. காவல்காரர் சங்கிலியைக் கழற்றினார். வாய் திறந்து கிடந்த அந்தக் கேற்றைக் கடக்க அற்புதராஜுக்கு இரண்டு தடவை கிளச்சை மிதிக்க வேண்டியிருந்தது.

கேஷானி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள்.

பாதை மோசமில்லை. அதுதான் அவரை வதைத்தது. ஓரத்தில் கொஞ்சம் புல், நடுவில் கல், அவ்வளவே. எட்டு வருடமாகக் கனவில் பாதாளமாகப் பிளந்து கிடந்த பாதை, பகல் வெளிச்சத்தில் ஒரு சாதாரணத் தோட்டத்துப் பாதையாக இருந்தது. மூன்று வளைவு தாண்டியதும் கேஷானி பேனையைத் தாளில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, மரம் விழுந்தது எந்த எடத்துல?"

"ஏம்மா?"

"தடை வர்ற எடத்தையெல்லாம் குறிக்கச் சொன்னாரு சேர்."

அவர் முன்கண்ணாடியையே பார்த்தார். அடுத்த வளைவில் ஒரு சின்ன மதகு தெரிந்தது. ஏதாவது ஒரு இடத்தைக் காட்டியாக வேண்டும். "அந்தா, அந்த மதகுகிட்ட" என்றார்.

"அந்த மதகுகிட்டவா?"

"ஆமாம்மா. பெரிய மரம். றோட்டுக்குக் குறுக்க."

கேஷானி எழுதவில்லை. "நிப்பாட்டாதீங்க, நேரக் கணக்கு பிழையாயிரும்" என்றாள் மெதுவாக. பிறகு, "அந்த மதகுமேல நான் ஒக்காந்தேன்ப்பா" என்றாள். "கால்ல அட்டை ஏறியிருந்துச்சு. ஒக்காந்து புடுங்கிப் போட்டுட்டு மறுபடி நடந்தேன்."

வான் மதகைக் கடந்தது.

"எப்போ?"

"அன்னைக்குத்தான். நாலு மணிக்கு அம்மா என்னை மேல அனுப்புனா. காலையில இருந்து லொறியக் காணோம், எல்லாரும் சாமானக் கட்டிக்கிட்டு காம்பராவுக்குள்ளயே இருக்காங்க, ஓடிப் போயி அப்பாகிட்டச் சொல்லுன்னா. நான் இந்த றோட்டாலதான் வந்தேன். கீழருந்து மேல வரைக்கும். ஒரு கிளைகூட விழுந்து கெடக்கல."

அவருக்கு ஸ்டியரிங் பிடிபடவில்லை. வான் தானாகவே இறங்குவதுபோல் இறங்கியது.

"நான் கேற்றுக்கு வந்தப்போ நீங்க லொறியத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. கத்துனேன்ப்பா. மழையில ஒங்களுக்குக் கேக்கல. பின்னாலயே ஓடி வந்தேன். நீங்க மேல் றோட்டுக்கு ஏறிப் போயிட்டீங்க."

எட்டு வருடம். ஒரே அறை, ஒரே அடுப்பு. காய்ச்சலில் கிடந்தபோது இவள்தான் நெற்றியில் துணி போட்டாள். புது லயத்துக்காரர்கள் அந்த மரத்தைப் பற்றிப் பேசி அவரைப் புகழ்ந்தபோதெல்லாம் இவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. "பதினொரு வயசு, பன்னெண்டு வயசுல எனக்கு வெளங்கல. ஒருவேளை மரம் விழுந்துதான் இருக்குமோ, நான்தான் பாக்கலியோன்னுகூட நெனைச்சேன். அப்புறம் வெளங்குச்சு. அதுக்கப்புறம் காத்துக்கிட்டு இருந்தேன்."

"அந்த ரெண்டு புள்ளி நாலு..."

"நான்தான் எழுதுனேன். சின்ன வயசுல நீங்க சொல்லுவீங்களே, பெக்டரியில இருந்து நம்ம வாசலுக்கு ஒண்ணரைக் கட்டைன்னு. அதைக் கிலோமீற்றராக்கி எழுதுனேன். தாளைப் பாத்தா நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனைச்சேன்."

அற்புதராஜுக்கு ஒரு பக்கம் வெட்கம், இன்னொரு பக்கம் ஏதோ பெரிய பாரம் கழன்று விழுந்ததுபோல ஒரு நிம்மதி. மெசினில் பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை வாரமும் அவரைக் கேள்வி கேட்டது தன் மகள்தான்.

"அப்போ வாராவாரம் நீதான் போட்டுக்கிட்டு இருந்தியா?"

கேஷானி முதல் தடவையாகத் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"மொதத் தடவை மட்டுந்தான்ப்பா. சேர் மாத்தச் சொன்னாரு, மாத்திட்டேன். அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்ல. நீங்கதான் ஏதோ பண்ணுறீங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

கொம்பியூட்டரின் எந்தப் பித்தானை அழுத்துவதென்றுகூடத் தெரியாத மனிதர் அவர்.

கடைசி வளைவு வந்தது. அதற்கப்பால் பாதை இல்லை. பாதை முடிந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து, ஓடை வரைக்கும் ஒரே சரிவாக இறங்கியது. இங்கே இருபது காம்பராக்கள் இருந்தன என்று சொன்னால் வெளியாள் நம்பமாட்டான். வானை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

கேஷானி கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு நிமிஷம்" என்றாள். எழுத முயன்றாள். பேனையைத் தாளின்மேல் வைத்துவிட்டாள். "பதினோரு நிமிஷந்தானேப்பா" என்று சொல்லி, எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

நாலரையும் பதினோரு நிமிடமும். நாலு நாற்பத்தொன்று. சரிவு வந்தது ஐந்து மணி ஐந்துக்கு. இந்தக் கழித்தலை அவர் ஆயிரம் தடவை போட்டிருக்கிறார். மகள் வாயால் கேட்டது இன்றைக்குத்தான்.

"பயந்துட்டேன்ம்மா" என்றார். "மரமும் இல்ல, மண்ணும் இல்ல. பயந்துபோயித் திரும்பிட்டேன். ஒங்கம்மாவ நான்தான்..."

அவள் வெகுநேரம் அழுதாள். அவரைத் தொடவும் இல்லை, தள்ளியும் உட்காரவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானும் ஒங்களோட சேந்து அழுதிருப்பேன்ப்பா. தனியா அழ வச்சுட்டீங்க." தாளை மடித்து வைத்துவிட்டு, "அம்மா இன்னொண்ணும் சொல்லி அனுப்புனா. அதை ஒங்ககிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

"என்ன சொன்னா?"

"வளைவுக்கு வந்ததும் ஹோன் அடிக்கச் சொல்லு. அந்தச் சத்தம் கேட்டதும் நான் எல்லாரையும் வெளியில கூட்டிக்கிட்டு வந்துருவேன்னா."

அற்புதராஜ் ஸ்டியரிங்கின் நடுவே உள்ளங்கையை வைத்தார். அழுத்தத் தைரியம் வரவில்லை. மகள் தன் கையை அவர் கைக்கு மேலே வைத்தாள். இரண்டு கையுமாக அழுத்தினார்கள். வானின் சன்னமான ஹோன் பனிக்குள் நீளமாகப் போய், எதிர்மலையில் மோதி, இன்னும் கனத்த குரலில், ஒரு பழைய லொறியின் ஹோன்போல் திரும்பி வந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம், புது லயத்தில், ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் அகப்பட்ட மூட்டை முடிச்சோடு வந்து வரிசையாக நின்று, புல் மண்டிய இந்தச் சரிவைப் பார்த்தார்கள். ஏன் வெளியே வந்தோம், ஏன் சாமானை எடுத்தோம் என்று பிறகு கேட்டபோது அவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.